கடையின் இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறது?

மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தம் தாயார் தொடங்கிய பரதநாட்டிய உடை தைக்கும் கடையை மாட வீதிக்கு அருகில் அவர் நடத்தி வருகிறார். 2021இல் தெரிந்தவர் ஒருவர் மூலம் கடைக்கென ஒரு வலைத்தளம் அமைத்தார். சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தினர் தொலைபேசியில் அழைத்து, மூன்று மாதங்களில் கூகுள் தேடலில் முதல் இடத்துக்குக் கொண்டு வருவதாக உறுதி கூறினர். மாதம் 18,000 ரூபாய் என்று ஓராண்டுக்கு ஒப்பந்தம் ஆனது. எட்டு மாதங்களுக்கான பணம் கொடுத்தாகிவிட்டது. மாதந்தோறும் வரும் அறிக்கையில் "முதல் இடம்" என்ற சொல் நிறைய இருக்கிறது, அழைப்புகளோ குறைந்திருக்கின்றன. நவம்பர், டிசம்பரில் நாளெல்லாம் ஒலித்த தொலைபேசி மார்ச் மாதத்தில் அடங்கிவிட்டது என்கிறார். நிறுவனத்தினர் இப்போது ஐந்நூறு பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) கொண்ட புதிய தொகுப்பு ஒன்றுக்குத் தனியாக 60,000 ரூபாய் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தை நிறுத்தினால் தளம் "கீழே இறங்கிவிடும்" என்றும் சொல்கிறார்கள். டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, புதுப்பிக்கும் பணியையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அது இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பது வாசகிக்குத் தெரியவில்லை. தளத்திலுள்ள தமிழ்ப் பக்கங்கள் எந்தத் தேடலிலும் வருவதே இல்லை. விளம்பரம் கொடுத்தால் தரவரிசையும் உயரும் என்கிறார் கணவர். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு வலைத்தளமே வீண், இன்ஸ்டாகிராம் போதும் என்கிறான் மகன். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் தரவரிசை பற்றிய கவலை பத்து வரிகளுக்கு மேல் இருக்கிறது. டொமைன் பற்றிய செய்தி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கோ அந்த ஒரு வரிதான் மிகுந்த கவலை தருகிறது. தரவரிசை இன்று இறங்கினாலும் உழைத்து மீட்டுக்கொள்ளலாம். டொமைன் கைவிட்டுப் போனால் இத்தனை ஆண்டுகளாக அந்த முகவரியின் மேல் சேர்ந்த மதிப்பு முழுவதும் அதனோடு போய்விடும். ஆகவே 60,000 ரூபாய் தருவதா வேண்டாமா என்ற கேள்வியை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். அதுவரை யாருக்கும் கூடுதல் பணம் தர வேண்டாம். யாரோடும் சச்சரவும் வேண்டாம்.

டொமைனை உங்கள் பெயருக்குக் கொண்டு வருவது

ஒரு டொமைனின் சட்டபூர்வமான உடைமையாளர், பதிவேட்டில் "பதிவு செய்தவர்" என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே. புதுப்பிக்கும் கட்டணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கலாம், தளத்தின் பெயர் உங்கள் தாயாரின் கடைப்பெயராகவே இருக்கலாம். பதிவேட்டில் வேறொருவர் பெயர் இருந்தால் அதை மாற்றும் அதிகாரம் அவரிடமே இருக்கும். டொமைன் விவரங்களைக் காட்டும், பொதுவில் பார்க்கக்கூடிய ஹூஇஸ் பதிவில் பெரும்பாலும் பெயர் மறைக்கப்பட்டிருக்கும் என்பதால், எந்தப் பதிவாளரிடம் (டொமைன்களைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) பதிவாகியிருக்கிறது, என்று காலாவதியாகிறது என்ற இரண்டை மட்டும் அங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில், அமைதியான சொற்களில், ஒரு கோரிக்கை அனுப்புங்கள்: டொமைனின் பதிவுப் பெயரையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்ற வேண்டும், டொமைன் வேறிடம் மாறாமல் தடுக்கும் இடமாற்றப் பூட்டை நீக்கி, இடமாற்றக் குறியீட்டைத் தர வேண்டும். இந்தக் குறியீட்டைத் தொழிலில் ஆத் கோடு அல்லது இபிபி கோடு என்பார்கள். அது கையில் இருந்தால், நீங்களே கணக்கு தொடங்கி வேறொரு பதிவாளரிடம் டொமைனை மாற்றிக்கொள்ளலாம். தொலைபேசியில் பேசியதாக விட்டுவிடாதீர்கள். பேசினாலும், பேசியதை அன்றைக்கே எழுதி அனுப்பி வையுங்கள். பின்னால் சட்ட உதவி தேவைப்பட்டால் இந்த எழுத்துதான் துணை நிற்கும்.

அவர்கள் தர மறுத்தால் வழி இல்லாமல் இல்லை. உங்கள் டொமைன் டாட் இன் என்று முடிவதால் அது டாட் இன் முகவரிகளை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பின் பதிவேட்டில் வருகிறது. அந்த அமைப்பு வகுத்த ஐஎன்டிஆர்பி என்ற நடைமுறைப்படி நடுவர் முன் முறையிடலாம். அங்கே அந்தப் பெயரின் மேல் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று காட்ட வேண்டும். தாயார் காலத்து ரசீதுப் புத்தகங்கள், ஜிஎஸ்டி பதிவு, பழைய விளம்பரங்கள் எல்லாம் இதற்குச் சான்றாகும். கடைப்பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்திருந்தால் வாதம் இன்னும் உறுதியாகும். இதுவரை செய்யவில்லை என்றால் இப்போதாவது செய்யுங்கள். வணிகக் குறிப் பதிவகத்தின் நாட்டிலுள்ள ஐந்து அலுவலகங்களில் ஒன்று நம் கிண்டியில்தான் இருக்கிறது. உடைகள் 25ஆம் வகுப்பில் வரும், நீங்கள் விற்கும் நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம் முதலிய நகைகள் 14ஆம் வகுப்பில் வரும்.

டொமைன் வேலை நடக்கும்போதே இன்னும் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். தளத்தின் முழுப் பிரதி, அதாவது பக்கங்கள், படங்கள், தரவுத்தளம் ஆகியவை அடங்கிய பேக்கப், அவற்றில் ஒன்று. தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உங்கள் மின்னஞ்சலுக்கு "உரிமையாளர்" நிலை மற்றொன்று. வேலை செய்பவர்களுக்குப் பயனர் நிலை போதும். தளம் உங்களுடையதாக இருக்கும்போது கணக்கும் உங்களுடையதாக இருப்பதே முறை; நேர்மையாகத் தொழில் செய்பவர் எவரும் இதைக் கேட்டதற்காக வருத்தப்பட மாட்டார்.

அறிக்கையில் வரும் "முதல் இடம்"

நீங்கள் இணைத்திருந்த அறிக்கையைப் படித்தேன். முதல் இடம் என்று குறித்திருக்கும் சொற்களில் பெரும்பாலானவை உங்கள் கடையின் பெயரையே கொண்டவை. ஒருவர் உங்கள் கடைப்பெயரைத் தட்டித் தேடினால் உங்கள் தளம் முதலில் வருவது இயல்பு. அதற்காக யாரும் மாதச் சம்பளம் வாங்க வேண்டியதில்லை. உங்களை இன்னும் அறியாத ஒரு தாய், மகளின் அரங்கேற்றத்துக்கு உடை தைக்க இடம் தேடும்போது நீங்கள் கண்ணில் படுகிறீர்களா என்பதே கேள்வி. அந்தச் சொற்கள் அறிக்கையில் இல்லை.

முதல் இடத்துக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்பதைக் கூகுள் தன் உதவிப் பக்கங்களிலேயே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. நல்ல முறையில் செய்த மாற்றங்களின் பலன் தெரிவதற்கும் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பதே அதன் கணக்கு. நிறுவனத்தினர் காட்டிய "கூகுள் பார்ட்னர்" சின்னத்தைக் கண்டு நம்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அது கூகுள் விளம்பரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது. இயல்பான தேடல் வரிசையின் மேல் அவர்களுக்கு எந்தச் சலுகையும் தருவதில்லை. பக்கத்தில் வாசகர் கண்ணுக்குத் தெரியாத மறைகுறியில், தேடல் சொற்களாக இருநூறு "கீவேர்டு" சேர்த்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கீவேர்டு மெட்டா குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

அழைப்புகள் குறைந்தது பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். டிசம்பரையும் மார்ச்சையும் ஒப்பிட்டு தளம் விழுந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். மார்கழி இசை, நடன விழாவை ஒட்டி ஏறி, பள்ளித் தேர்வுக் காலத்தில் இறங்கும் தொழில் உங்களுடையது. சர்ச் கன்சோல் பதினாறு மாதத் தரவை வைத்திருக்கும். இந்த மார்ச்சையும் போன மார்ச்சையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். அப்போதும் குறைந்திருந்தால்தான் அது உண்மையான இறக்கம். அதிலும், எந்தப் பக்கத்துக்கு, எந்தச் சொல்லுக்கு, எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் குறைந்தார்கள் என்று அங்கேயே பிரித்துப் பார்க்கலாம். கோடை விடுமுறை அரங்கேற்றங்களுக்காக அமெரிக்காவிலிருந்து அழைக்கும் பெற்றோர் குறைந்துவிட்டார்கள் என்று நீங்கள் ஊகிப்பது சரியா என்பதும் அங்கே தெரிந்துவிடும்.

ஊர்ப் பெயர்ப் பக்கங்களும் விலைக்கு வாங்கும் இணைப்புகளும்

அடையாறு, வேளச்சேரி, தாம்பரம், அண்ணா நகர் என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, மற்ற வாசகங்களை அப்படியே வைத்து இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்களை உருவாக்கியிருக்கிறார்கள். இவற்றை டோர்வே பக்கங்கள் என்பார்கள். தேடலை ஏமாற்றும் உத்திகளைத் தடுக்கும் கூகுளின் ஸ்பேம் கொள்கை இவற்றைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. உங்களுக்கு இருப்பது ஒரே கடை, அது மயிலாப்பூரில். தாம்பரத்தில் நின்று தேடுபவருக்கு வரைபடத்தோடு வரும் முடிவுகளில் எந்தக் கடை முன்னால் வரும் என்பது பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றைக் கொண்டே முடிவாகிறது. ஒரு பக்கத்தில் தாம்பரம் என்று எழுதுவதால் தூரம் குறைந்துவிடாது. அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டு, "கடைக்கு வரும் வழி" என்று ஒரே ஒரு நல்ல பக்கம் எழுதுங்கள். எந்த நிலையத்தில் இறங்க வேண்டும், தேர்த் திருவிழா நாட்களில் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பன போன்ற செய்திகள் உங்களுக்குத்தான் தெரியும்.

ஐந்நூறு பேக்லிங்க் தொகுப்பை வாங்காதீர்கள். வேறு தளங்கள் உங்களைச் சுட்டுவது மதிப்பைக் கூட்டும் என்பது உண்மைதான். கூகுள் பிறந்ததே அந்த எண்ணத்தில்தான். ஆனால் தரவரிசைக்காக இணைப்புகளை விலைக்கு வாங்குவது விதிமீறல். 2012 ஏப்ரலில் கூகுளின் தரவரிசை முறையில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தபோது இப்படி வாங்கிய தளங்கள் பல ஒரே வாரத்தில் சரிந்தன. 2016க்குப் பிறகு இத்தகைய இணைப்புகளைக் கூகுள் பெரும்பாலும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. அப்படியானால் 60,000 ரூபாய் வீணாகும். கைமுறை நடவடிக்கைக்கு, அதாவது கூகுள் ஊழியர் ஆராய்ந்து விதிக்கும் தண்டனைக்கு, உள்ளானால் பணத்தோடு தளமும் பாதிக்கப்படும். சர்ச் கன்சோலில் கைமுறை நடவடிக்கைகளுக்கென ஒரு பக்கம் இருக்கிறது. அது காலியாக இருந்தால் பழைய இணைப்புகளைப் பற்றி அஞ்ச வேண்டாம். இணைப்புகளை நிராகரிக்கும் டிஸ்அவோ கருவியையும் தொட வேண்டியதில்லை. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவைப்படாது என்று கூகுளே சொல்கிறது. உங்களிடம் ஆண்டுதோறும் மாணவிகளை அனுப்பும் நாட்டிய ஆசிரியர்கள் பலர் தங்கள் பள்ளிக்கென வலைத்தளம் வைத்திருப்பார்கள். "எங்கள் மாணவியருக்கு உடை தைப்பவர்" என்று அவர்களில் நால்வர் மனமுவந்து எழுதும் ஒரு வரி, அந்த ஐந்நூறையும் விடப் பெறுமானமுள்ளது.

தமிழ்ப் பக்கங்கள் தேடலில் வராததன் காரணம்

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில் சென்னையில் உங்களைப் போன்ற பல சிறு கடைகளின் தமிழ்ப் பக்கங்கள் இதே காரணத்தால் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றன. நீங்கள் அனுப்பிய முகவரியில் தமிழ்ப் பக்கங்களைத் திறந்து பார்த்தேன். பாதிப் பக்கங்கள் டிடிபி கடையில் வடிவமைத்த துண்டறிக்கைகள், படமாகவே ஏற்றப்பட்டவை. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பக்கத்தின் உரையாகத் தேடுபொறி எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. மீதிப் பக்கங்கள், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இருப்பதால் திரையில் தமிழாகத் தெரிகிறது. உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு கோவை. தேடுபொறி படிப்பது அந்தக் கோவையைத்தான். "பரதநாட்டிய உடை" என்ற சொற்கள் அதன் கணக்கில் அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். பக்கத்தில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோடு. பொருளற்ற எழுத்துக் குவியலாக வந்தால் பழைய குறியாக்கம். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது படம். பழைய குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றும் புள்ளியும் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்துங்கள். இந்த ஒரு வேலைக்கு எந்தத் தொகுப்பும் வேண்டாம். தட்டச்சு தெரிந்த ஒருவரும் சில நாட்களும் போதும். என் கணிப்பில், உங்கள் தளத்துக்கு இதைவிடப் பயனுள்ள செலவு இப்போது வேறில்லை.

அடுத்தது, என்ன எழுதுவது என்பது. உங்கள் பக்கங்களில் "உயர்தர நடன ஆடையணிகள் நியாயமான விலையில்" என்ற வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. தொலைபேசியில் உங்களை அழைப்பவர்கள் இப்படியா பேசுகிறார்கள்? "பரதநாட்டியம் டிரஸ்", "பைஜாமா காஸ்ட்யூமா ஸ்கர்ட் காஸ்ட்யூமா", "டெம்பிள் ஜுவல்லரி செட்" என்றுதானே கேட்கிறார்கள். அந்தச் சொற்களைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஒரு வாரம் வரும் அழைப்புகளின் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அரங்கேற்றத்துக்கு எத்தனை மாதம் முன்னால் அளவு கொடுக்க வேண்டும், நாங்கள் வாங்கி வரும் பட்டுப் புடவையை வெட்டித் தைப்பீர்களா, விசிறி மடிப்பு கலையாமல் எப்படி மடித்து வைப்பது, வளரும் பெண்ணுக்கு அடுத்த ஆண்டு பிரித்துவிட இடம் வைப்பீர்களா, நியூஜெர்சியிலிருந்து அளவெடுத்து அனுப்புவது எப்படி என்ற ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கான பொருள். உங்கள் தாயாரிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதினாலும் போதும். இணையத்தில் வேறெங்கும் இல்லாத செய்தி அது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நூறு கட்டுரைகளை ஒரே நாளில் உருவாக்கித் தருவதாக யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தரவரிசைக்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் உள்ளடக்கத்தைக் கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பேம் கொள்கையில் சேர்த்திருக்கிறது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்த, தெளிவான தலைப்பு வையுங்கள். இப்போது எல்லாப் பக்கங்களுக்கும் "முகப்பு" என்ற தலைப்பே இருக்கிறது. படங்களுக்கு மாற்று உரை எழுதுங்கள்: "மயில் கழுத்து நிறப் பட்டில் ஐந்து விசிறி உடை" என்று எழுதினால் படத் தேடலிலும் வருவீர்கள், பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் அதை வாசிக்கும். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்க வேண்டாம். தனித்தனி முகவரியில் வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுங்கள். படங்களைச் சிறிதாக்கி ஏற்றுங்கள். கைப்பேசியில் முதன்மைப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பதே கூகுள் வைத்திருக்கும் அளவு.

வீட்டில் எழுந்த மற்ற இரண்டு கேள்விகள்

உங்கள் கணவர் சொன்னது பரவலாக உள்ள எண்ணம், ஆனால் சரியன்று. விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணம் இயல்பான தரவரிசையை ஏற்றுவதுமில்லை, இறக்குவதுமில்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை, முன்பதிவு நடக்கும் நாட்களில், சிறிய தொகையில் விளம்பரம் செய்து பார்ப்பதில் தவறில்லை. அதற்கு முன் தேடலிலும் வரைபடத்திலும் கடையின் விவரங்களைக் காட்டும், காசில்லாமல் கிடைக்கும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலை முழுமையாக நிரப்புங்கள். விமர்சனம் எழுதினால் தள்ளுபடி என்று சொல்லிவிடாதீர்கள். அது விதிக்குப் புறம்பானது. உடை வாங்கிச் சென்றவர்களிடம் நேராகக் கேட்டால் போதும்.

மகனுடைய கவலையில் பாதி உண்மை. 2024 ஆகஸ்டில் இந்தியாவிலும் தேடலின் மேற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வரத் தொடங்கியது. அதைப் படித்துவிட்டே திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சுருக்கம் வலைப்பக்கங்களைப் படித்தே எழுதப்படுகிறது. அதில் இடம்பெறத் தனி வித்தை எதுவும் தேவையில்லை, வழக்கமான தேடலுக்குத் தகுதியான பக்கமாக இருந்தால் போதும் என்பதே கூகுள் கூறுவது. இன்ஸ்டாகிராமை அவர் கவனித்துக்கொள்ளட்டும். அங்கே எடுக்கும் படங்கள் தளத்துக்கும் உதவும். வலைத்தளத்தை விட வேண்டாம்.

எஞ்சிய நான்கு மாதங்கள்

டொமைனும் பேக்கப்பும் சர்ச் கன்சோலும் உங்கள் கைக்கு வந்த பிறகு ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு, பணம் திரும்பத் தருவது பற்றி என்ன இருக்கிறது, "முதல் இடம்" என்ற வாக்குறுதி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தில் இருந்து, அது நிறைவேறவில்லை என்றால், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவும் கொடுத்ததில் ஒரு பகுதியைக் கேட்கவும் உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஒப்பந்தம், ரசீதுகள், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை என்று எதிர்த் தரப்பு வாதிட இடமுண்டு என்பதால், உங்கள் சுயதொழிலுக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்துமா என்பதை அவரே ஆராய்ந்து சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் முதற்கட்ட விவரம் கேட்கலாம்.

முன்னறிவிப்புக் காலத்துக்கான தொகையைக் கொடுத்துச் சுமுகமாக விலகுவதே நல்லது என்பது என் கருத்து. அவர்கள் நிறுத்தினால் தளம் இறங்கிவிடும் என்ற அச்சம் தேவையில்லை. நீக்க வேண்டிய பக்கங்களைத் தவிர அவர்கள் சேர்த்தது தளத்தில் மிகக் குறைவு. வேறொருவரை அமர்த்துவதாக இருந்தால், முதலில் ஒருமுறை ஆய்வு அறிக்கை மட்டும் கேளுங்கள். என்ன மாற்றச் சொல்கிறார், ஏன் மாற்றச் சொல்கிறார் என்பதை உங்களுக்குப் புரியும்படி அவரால் விளக்க முடிந்தால் மட்டும் மாத ஒப்பந்தம் பற்றிப் பேசுங்கள். தமிழ்ப் பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்கிவிடலாம். மே மாதத்துக்குள் அவை ஏறிவிட்டால், மார்கழிக்கான தேடல் தொடங்கும் ஆகஸ்டு, செப்டம்பருக்குள் தேடுபொறி அவற்றைப் படித்து வரிசைப்படுத்தப் போதிய காலம் இருக்கும்.